அலங்கார சோப்பு கையால் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறம், சுழி, உள்ளே மிதக்கும் ஒரு பூ, வெட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு கோலம் என்று சோப்பை ஒரு கைவினையாகச் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றை நானே ஆரம்பத்தில் கேட்டு அலைந்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது.

முதல் முறையாகச் செய்யப் போகிறேன். எதில் தொடங்கலாம்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஏற்கெனவே சோப்பாக மாறி முடிந்த பேஸை வாங்கி, உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது. இதை மெல்ட் அண்ட் போர் என்பார்கள். இன்னொன்று, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற கடும் காரம்) கலந்து சோப்பை அடியிலிருந்து நாமே உண்டாக்குவது. இதற்கு கோல்டு ப்ராசஸ் என்று பெயர். முதல் வழியில் மாலையில் ஊற்றினால் இரவே சோப்பு கையில் இருக்கும். இரண்டாவதில் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

பேஸில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். அது உண்மையான சோப்பு வேலை இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போலத் தெளிந்த கட்டிக்குள் ஒரு மீனோ பூவோ நிற்கிற அழகு கோல்டு ப்ராசஸில் வராது, அந்தச் சோப்பு இயல்பாகவே ஒளி புகாதது. அதே மாதிரி, பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகளைப் போல நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இழைவதை பேஸில் கொண்டுவருவது கஷ்டம், ஏனென்றால் பேஸ் சூடாக இருந்தால் தண்ணீர் மாதிரி ஓடி நிறங்கள் கலந்துவிடும், கொஞ்சம் ஆறினால் சட்டென்று உறைந்துவிடும். எந்த அழகு உங்களை இழுக்கிறதோ அதற்கு ஏற்ற வழியைப் பிடியுங்கள், முடிந்தால் பேஸில் நாலைந்து முறை கை பழகிய பிறகு காஸ்டிக் பக்கம் வாருங்கள்.

காஸ்டிக் சோடா சேர்க்காமல் சோப்பே செய்ய முடியாதா?

முடியாது. எண்ணெயோடு காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரம் வினை புரிந்தால்தான் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும், வேறு குறுக்கு வழி இல்லை. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பொருள், காரம் அதைப் பிரித்துத்தான் சோப்பாக்குகிறது என்பதை விளக்கியவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1823-ல் தன் ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார். (இவர் நிறங்களைப் பற்றிய கேள்வியில் மறுபடி வருவார்.)

நீங்கள் வாங்கும் பேஸும் காரத்தைச் சேர்த்துச் செய்யப்பட்டதுதான், அந்த வேலையை வேறொருவர் உங்களுக்காக முடித்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான். அளவு சரியாக இருந்து, வினை முழுதாக நடந்திருந்தால் முடிந்த சோப்பில் காஸ்டிக் சோடா மீதமிருக்காது, அதனால் பயப்பட வேண்டியது செய்யும் நேரத்துக்கு மட்டும்.

அந்தச் செய்யும் நேரத்தில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்?

நிறைய. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தண்ணீரை ஒருபோதும் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது, ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது கரைசல் 80, 90 டிகிரி வரை தானாகச் சூடேறும், மூக்கை எரிக்கும் ஆவியும் வரும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் தள்ளிவைத்துக் கலக்குங்கள். பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு எல்லாம் வேண்டும். வெறும் மூக்குக்கண்ணாடி போதாது.

அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வெளியேறும். எவர்சில்வர், அல்லது சூடு தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் நல்லது. கண்ணாடிக் குடுவையையும் தவிர்த்துவிடுங்கள், காரம் நாளடைவில் அதை அரித்து ஒரு நாள் கையிலேயே விரிசல் விடும்.

தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வினிகர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது வேண்டாம், காரமும் அமிலமும் சேரும்போது தோலின் மேலேயே சூடு கிளம்பும், கழுவும் நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்ய வேண்டும், யோசிக்கவே கூடாது. இன்னொன்று, அச்சில் ஊற்றிய புதுச் சோப்பும் முதல் ஓரிரு நாள் தோலை எரிக்கும், அதனால் வெட்டும்போதும் கையுறை இருக்கட்டும்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

ஒரு கிராம் வரை காட்டும் எடைக்கருவி, வெப்பமானி, சிலிக்கான் அச்சு, இரண்டு மூன்று குவளைகள், சிலிக்கான் கரண்டி. கோல்டு ப்ராசஸுக்கு ஹேண்ட் பிளெண்டர் ஒன்று. சோப்புக்கு எடுத்ததை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். இவற்றில் எடைக்கருவிதான் முக்கியம், சோப்பில் எல்லாமே எடைக் கணக்கு, கப் கணக்கும் கரண்டிக் கணக்கும் இங்கே வேலைக்கு ஆகாது.

பேஸ் உருக்கி ஊற்றினேன். மேலே நுரை, உள்ளே குமிழி. இரண்டு நிற அடுக்கு வைத்தால் காய்ந்ததும் தனித்தனியாகப் பிரிகிறது. என்ன தப்பு?

குமிழிக்குக் காரணம் வேகமாகக் கலக்குவது. மெதுவாக, கரண்டியை வெளியே எடுக்காமல் கலக்குங்கள். ஊற்றியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மேலே மெல்லத் தெளித்தால் குமிழிகள் அப்படியே உடைந்து மறையும். பக்கத்தில் அடுப்போ தீபமோ எரியக் கூடாது, அது தீப்பற்றும் பொருள்.

அடுக்கு பிரிவதில் வெப்பமும் நேரமும்தான் எல்லாம். கீழ் அடுக்கு மேலே தோல் கட்டியிருக்க வேண்டும், விரலால் தொட்டால் குழியாமல் ஆனால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அப்போது ஆல்கஹால் தெளித்து, அது காய்வதற்கு முன்பே அடுத்த அடுக்கை 50 டிகிரி அளவில் ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் கீழ் அடுக்கு உருகிக் கலந்துவிடும். கீழ் அடுக்கு முழுதாக ஆறிப்போயிருந்தால் ஒட்டாது, அதன் மேல்பரப்பைக் கத்தி முனையால் லேசாகக் கீறிவிட்டு ஆல்கஹால் தெளித்து ஊற்றிப் பாருங்கள், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே வேறு சோப்பு வடிவங்களைப் பதிக்கும்போதும் இதே கணக்குதான். பதிக்கும் துண்டுகளை ஆல்கஹாலில் நனைத்து வைத்தால் அவற்றைச் சுற்றி காற்று ஒட்டாது.

மைக்கா (மினுமினுக்கும் கனிமத் தூள்) போட்டால் எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடுகிறதே?

சூடாக ஊற்றுகிறீர்கள். தூளை முதலில் சில சொட்டு கிளிசரினிலோ ஆல்கஹாலிலோ குழைத்துச் சேர்த்து, கலவை கொஞ்சம் கெட்டிப்படும் வரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்து, உறையப் போகிற நேரத்தில் ஊற்ற வேண்டும். அந்த நொடி இரண்டு மூன்று தடவையில் கைக்குப் பிடிபட்டுவிடும்.

சோப்பு வியர்க்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. பேஸில் கிளிசரின் அதிகம், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மேலே முத்து முத்தாக நிற்க வைக்கிறது. அச்சிலிருந்து எடுத்து, ஆறியவுடனே பிளாஸ்டிக் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றிவையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைய வைத்தால் வெளியே எடுக்கும்போது வியர்ப்பது இன்னும் அதிகமாகும்.

எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் உண்டு, ஒரு கிராம் எண்ணெய் முழுதாகச் சோப்பாக எத்தனை கிராம் சோடா வேண்டும் என்பது அது. தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, ஷியா பட்டருக்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் சுமார் 0.128. இப்போது 500 கிராம் எண்ணெயில் ஒரு கலவை போட்டுப் பார்ப்போம். ஆலிவ் 250, தேங்காய் 150, ஷியா 70, ஆமணக்கு 30. பெருக்கினால் வரிசையாக 33.75, 27.45, 8.96, 3.84, மொத்தம் 74 கிராம். இதை அப்படியே போட மாட்டோம், 5 சதவீதம் குறைத்து 70.3 கிராம் போடுவோம். அந்த 5 சதவீத அளவுக்கு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி தோலுக்கு மென்மை தரும், சிறு எடைப் பிழை நேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் சோடாவைப்போல இரண்டு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 140 கிராம்.

இணையத்தில் இதற்கான கணக்கிடும் கருவிகள் இருக்கின்றன, கையால் போட்டதை அதில் ஒரு தரம் சரிபாருங்கள். எண்ணெயை மாற்றினால் சோடாவையும் மாற்ற வேண்டும். ஆலிவ் தீர்ந்துவிட்டது, அதே அளவு தேங்காய் எண்ணெய் ஊற்றிவிடலாம் என்று செய்தால் கணக்கே வேறாகிவிடும்.

அச்சு எவ்வளவு கொள்ளும் என்று தெரிய ஒரு எளிய வழி: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 0.7-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட அத்தனை கிராம் எண்ணெய் எடுத்தால் அச்சு நிரம்பும்.

ட்ரேஸ் என்றால் என்ன?

காஸ்டிக் கரைசலும் எண்ணெயும் சேர்ந்து, பிரியாத ஒரே கலவையாகக் கெட்டிப்படத் தொடங்கும் பதம். கரண்டியில் எடுத்துச் சொட்டவிட்டால் மேலே கோடு போல ஒரு தடம் நிற்கும், அந்தத் தடத்தைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். இளம் பதத்தில் தடம் லேசாகத் தெரிந்து உடனே மறையும், முற்றிய பதத்தில் குவியலாகவே நிற்கும். எண்ணெய் மேலே கோடு கோடாக மிதந்தால் இன்னும் சேரவில்லை. ஷியா மாதிரி கெட்டிக் கொழுப்பு அதிகமிருந்து கலவை ஆறிப்போனால், சேராமலேயே கெட்டிப்பட்டது போலத் தெரிந்து ஏமாற்றும், அதையும் கவனியுங்கள்.

படங்களில் பார்க்கிற சுழி எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? எல்லா நிறமும் கலந்து சேறு மாதிரி ஆகிறது, இல்லையென்றால் கட்டி கட்டியாக விழுகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம். அலங்கார சோப்பில் ஓவியத் திறமையைவிட நேரத்தைப் பிடித்துவைக்கத் தெரிவதுதான் பெரிய விஷயம். கலவை ஊற்றும் பதத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறதோ அத்தனை நிமிடம்தான் உங்களுக்கு வரைய இடம். கட்டி கட்டியாக விழுந்தால் நேரம் போதவில்லை. சேறு மாதிரி ஆனால், ஒன்று கலவை ரொம்பத் தண்ணியாக இருந்தபோதே ஊற்றிவிட்டீர்கள், அல்லது ஊற்றிய பிறகு கிளறிக்கொண்டே இருந்தீர்கள்.

நேரத்தை நீட்ட நாலைந்து வழி உண்டு. ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள கலவை மெதுவாக இறுகும், ஷியா, கோகோ பட்டர் போன்ற கெட்டிக் கொழுப்புகள் கூடினால் சீக்கிரம் இறுகும். எண்ணெயும் கரைசலும் 35 முதல் 40 டிகிரிக்கு ஆறட்டும், சூடு கூடக் கூட வேகமும் கூடும். தண்ணீரை ரொம்பக் குறைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட, ஹேண்ட் பிளெண்டரை ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். மூன்று நான்கு விநாடி ஓட்டி, நிறுத்தி, அணைத்த பிளெண்டராலேயே கலக்கி, மறுபடி மூன்று விநாடி. எண்ணெய்க் கோடுகள் மறைந்த அந்த நிமிடமே பிளெண்டரை ஓரம் வைத்துவிடுங்கள், நிறம் பிரிப்பதற்குள் அது தானாகவே இளம் பதத்துக்கு வந்துவிடும். நிறத்தூள்களை ஒவ்வொரு கரண்டி எண்ணெயில் முன்கூட்டியே குழைத்து, குவளைகளை வரிசையாக எடுத்துவைத்த பிறகுதான் கரைசலைக் கையில் எடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு ஒரு கரண்டியைத் தேடி அலமாரிக்குப் போனால் அதற்குள் பதம் தாண்டிவிடும்.

சுழி போடும் முறைகளில் முதலில் பாத்திரத்திலேயே சுழிப்பதைப் பழகுங்கள். பெரிய பாத்திரத்தில் வெள்ளைக் கலவை இருக்க, இரண்டு நிறங்களை மூன்று நான்கு இடத்தில் ஊற்றி, கரண்டியால் ஒரே ஒரு சுற்று, வேண்டுமானால் நடுவில் ஒரு கோடு, அதோடு நிறுத்தி அச்சில் சாய்த்துவிடுங்கள். மீதிச் சுழியை ஊற்றுகிற ஓட்டமே போட்டுக்கொள்ளும். அடுத்தது சொட்டுச் சுழி, உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் நிறம் ஆழத்துக்கு இறங்கும், தாழ ஊற்றினால் மேலேயே நிற்கும். பிறகு கம்பிச் சுழி, துணி மாட்டும் கம்பியை அச்சின் நீளத்துக்கு வளைத்து (சோப்போடு பட்டுக்கொள்வதால் பிளாஸ்டிக் பூசிய கம்பியாக இருக்கட்டும்) ஓரமாக இறக்கி, வட்டமாகச் சுற்றி, வேறு இடம் வழியே எடுப்பது. எதிலும் நின்றுவிட வேண்டிய இடம் வந்ததும் நிற்பதுதான் கஷ்டம். இன்னும் ஒரு சுற்று சுற்றினால் இன்னும் அழகாகும் என்று தோன்றும். அந்தச் சுற்றுதான் எனக்குப் பல கட்டிகளைக் கெடுத்தது.

வெட்டும் திசையும் வரைகிற வேலையில் சேர்ந்ததுதான். ஒரே கட்டியை நெடுக்காக வெட்டினால் ஒரு கோலம், குறுக்காக வெட்டினால் முற்றிலும் வேறொரு கோலம். அச்சில் இருக்கும்போதே எப்படி வெட்டப் போகிறோம் என்று யோசித்துச் சுழித்தால் பலன் வேறு மாதிரி இருக்கும்.

மண எண்ணெயைச் சேர்த்ததும் கலவை கல்லாகிவிட்டது!

எனக்கும் நடந்திருக்கிறது. மூன்று நிறம் பிரித்து, எல்லாம் தயாராக இருந்து, கடைசியாக ஒரு மலர் மணத்தை ஊற்றிக் கலக்கிய அரை நிமிடத்தில் கரண்டி அப்படியே குத்திட்டு நின்றது. சில மணங்கள் கலவையை விரைவாக இறுக்கும், குறிப்பாகப் பல மலர் மணங்களும் கிராம்பு போன்ற மசாலா மணங்களும். சில, அரிசி அரிசியாகத் திரிய வைக்கும். சில, மொத்தமாகக் கட்டியாக்கிவிடும்.

புது மணத்தை ஒருபோதும் பெரிய கலவையில் முதலில் போடாதீர்கள். 100 கிராம் எண்ணெயில் நிறமில்லாமல் ஒரு சோதனைச் சோப்பு செய்து, எத்தனை நிமிடம் தாங்கியது, மறுநாள் நிறம் மாறியதா என்று எழுதிவையுங்கள். பொதுவாக எண்ணெயின் எடையில் 3 சதவீதம் போதும், விற்பவர் சோப்புக்கென்று இதைவிடக் குறைந்த உச்ச அளவு சொல்லியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. கடைசியில் சேர்த்து, பிளெண்டர் இல்லாமல் கையால் கலக்குங்கள். கல்லாகிவிட்டால் அவசரமாக அச்சில் அழுத்தி நிரப்புங்கள், இல்லையென்றால் மெல்லிய சூட்டில் வைத்துக் கிளறினால் மறுபடி இளகும், சுழி போனாலும் சோப்பு மிஞ்சும்.

வனிலா சாயல் உள்ள மணங்கள் சோப்பைப் பழுப்பாக்கும், சில சமயம் சில நாள் கழித்துத்தான் தெரியும். வெள்ளை அலங்காரம் வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்கு மணமே சேர்க்காமல் விடலாம். பழுப்பையே கோலத்தின் ஒரு நிறமாகத் திட்டமிட்டால் அது அழகாகவும் இருக்கும்.

எந்த நிறங்கள் நிற்கும்?

உணவில் சேர்க்கும் நிறங்களை விட்டுவிடுங்கள், காரத்தில் மாறும், வெளிச்சத்தில் மங்கும், பக்கத்து அடுக்குக்கும் கசியும். இரும்பு ஆக்சைடுகள், அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளை, சோப்புக்கென்று விற்கும் மைக்கா, இவை நம்பகமானவை. மைக்காவிலும் சில காரம் பட்டதும் வேறு நிறமாகும், எனவே இதற்கும் சோதனை வேண்டும். கரித்தூள் நல்ல கறுப்பு தரும், அதிகம் போட்டால் நுரையே சாம்பல் நிறமாக வரும்.

செடிகளிலிருந்து வரும் நிறங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை, ஆனால் அவை நாம் நினைத்த நிறத்தைத் தருவதில்லை. மஞ்சள்தூள் காஸ்டிக் பட்டதும் சிவந்து, பிறகு மஞ்சளும் ஆரஞ்சுமாக அடங்கும், வெயில் பட்டால் வெளுக்கும். பீட்ரூட் சிவப்பு நிற்கவே நிற்காது, பழுப்பாகிவிடும். அவுரி நீலம் நிற்கும். மஞ்சிட்டி இளஞ்சிவப்பு தரும்.

நிறங்களை அடுத்தடுத்து வைப்பதில்தான் ஷெவ்ரல் மறுபடி வருகிறார். சோப்பின் வேதியியலைச் சொன்ன அதே மனிதர் பிறகு பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தார். அங்கே சில சாயங்கள் மங்கலாக இருக்கின்றன என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்த நிறம்தான் அதை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டு 1839-ல் அதை விரிவாக எழுதினார். சோப்பில் அது அப்படியே பொருந்தும். சாம்பல் நிறம் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் பாய்ந்ததுபோலத் தெரியும். ஐந்து நிறம் போட்டுத் திணறுவதைவிட, இரண்டு நிறமும் ஒரு வெள்ளையும் போட்டு அவை ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று பாருங்கள்.

பூ இதழ்களை வைத்தேன், பழுப்பாகிவிட்டன.

ரோஜா, லாவெண்டர் எல்லாம் பழுப்பாகும். காலெண்டுலா (சாமந்தி போன்ற ஒரு பூ) இதழ் மட்டும் நன்றாக நிறம் காக்கும். பச்சைப் பூவும் ஈரமான பழத்துண்டும் வேண்டாம், உள்ளேயே அழுகும். ரோஜாதான் வேண்டும் என்றால் முடிந்த சோப்பின் மேல் அலங்காரமாக ஒட்டி, குளிக்கும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மேலே வெள்ளைப் பொடி மாதிரி படிந்திருக்கிறது.

அது சோடா சாம்பல். சோப்பாகாத காரம் காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து உண்டாவது, தோலுக்குக் கெடுதல் இல்லை, அழகுக்குத்தான் கெடுதல். ஊற்றியவுடன் ஆல்கஹால் தெளித்து மூடிவைத்தால் குறையும். வந்துவிட்டால் ஆவி காட்டித் துடைக்கலாம். கறுப்புச் சோப்பின் மேல் அது பனி படர்ந்தது மாதிரி விழுந்தால் நான் துடைக்காமல் விட்டுவிடுவேன்.

வெட்டிப் பார்த்தால் நடுவில் அடர்நிற வட்டம் இருக்கிறது?

நடுப்பகுதி சூடேறி ஜெல் நிலைக்கு, அதாவது சூட்டில் இளகிக் கொஞ்சம் ஒளி புகும் நிலைக்கு, போயிருக்கிறது, ஓரங்கள் போகவில்லை. பயன்பாட்டில் குறையில்லை. ஒரே மாதிரி வேண்டுமென்றால் அச்சைத் துண்டால் சுற்றிக் கதகதப்பாக வைத்து முழுவதையும் ஜெல்லாக விடுங்கள், நிறங்கள் பளிச்சென்று வரும். அல்லது குளிர்ச்சியான இடத்தில் வைத்து மொத்தமாகத் தடுங்கள், நிறங்கள் மென்மையாக இருக்கும். பால், தேன், சர்க்கரை சேர்த்த கலவைகள் தாமாகவே அதிகம் சூடேறிப் பொங்கி வழியக் கூடும், அவற்றுக்குக் குளிர்ச்சிதான் நல்லது.

எப்போது வெட்டுவது? உண்மையிலேயே நாலு வாரம் காத்திருக்க வேண்டுமா?

24 முதல் 48 மணி நேரத்தில், விரலால் அழுத்தினால் மெத்தென்றும் ஆனால் ஒட்டாமலும் இருக்கும்போது வெட்டலாம். ஆலிவ் அதிகமென்றால் இன்னும் தாமதமாகும். மேலே பொடியோ மைக்காவோ தூவியிருந்தால் கட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் கத்தி அதையெல்லாம் கீழே இழுத்துக் கோடு போட்டுவிடும்.

காத்திருப்பது நாலிலிருந்து ஆறு வாரம். வினையில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும், மீதிக் காலம் தண்ணீர் வெளியேறிச் சோப்பு கெட்டியாகவும் மென்மையாகவும் ஆவதற்கு. அவசரப்பட்டுப் பயன்படுத்தினால் சீக்கிரம் கரைந்துபோகும், நுரையும் சரியாக வராது. காற்றோட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, அவ்வப்போது திருப்பிவையுங்கள்.

சோப்பில் பூக்கள், உருவங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறார்கள்?

கலவை முற்றிய பதத்துக்கு வந்ததும் குழல் பையில் நிரப்பி, கேக்கின் மேல் க்ரீம் பிழிவது மாதிரி பிழிகிறார்கள். இதில் நமக்குக் கலவை சீக்கிரம் இறுக வேண்டும், அதனால் கெட்டிக் கொழுப்பு கூடுதலான கலவை நல்லது. கையுறை போட்டுக்கொண்டுதான் பிழிய வேண்டும், காரம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு வழி சோப்புக் களிமண். கோல்டு ப்ராசஸ் சோப்பைக் காற்றுப்படாமல் மூடி, ஜெல் ஆகாமல் சில நாள் வைத்திருந்தால் களிமண் மாதிரி பிசைய வரும். இதழ், இலை, சின்னப் பறவை என்று எதையும் உருட்டிச் செய்யலாம், காற்றில் விட்டால் தானாகவே இறுகும். பொறுமைசாலிகளுக்கு இது பெரிய சந்தோஷம்.

குழந்தைகளோடு செய்யலாமா?

பேஸ் உருக்குவதைப் பெரியவர்கள் செய்து, நிறம் சேர்ப்பதையும் பதிப்பதையும் அவர்களுக்கு விடலாம். காஸ்டிக் சோடா வேலை நடக்கும்போது அறைக்குள்ளேயே வர வேண்டாம். பண்டம் மாதிரி இருக்கும் சோப்பு சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து, கடித்துவிடுவார்கள். சின்ன பொம்மைகளை உள்ளே பதித்தால் சோப்பு கரைந்து பொம்மை வெளியே வரும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்தது தோல் நோய்க்கு நல்லது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. சோப்பின் பி.எச். அளவு 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும், அது காரத்தன்மைதான், அப்படித்தான் இருக்கவும் முடியும். குளித்ததும் கழுவிப் போகிற பொருள் நோயைத் தீர்க்காது. விற்க நினைத்தால் உங்கள் நாட்டின் அழகுப் பொருள் விதிகளைப் படித்து, சேர்த்த பொருள்கள் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். மணங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு.

சரியாக வராத சோப்பை என்ன செய்வது?

அழகு மட்டும் போயிருந்தால் துருவியோ சின்னச் சதுரமாக வெட்டியோ வெள்ளைக் கலவையில் தூவி ஊற்றுங்கள், பலவண்ணப் பொட்டு போட்ட புதுக் கட்டி கிடைக்கும். என்னுடைய பழைய சேற்று நிறச் சோப்புகள் எல்லாம் அப்படித்தான் போயின. எடையில் தவறு நடந்து காரம் அதிகமாகிவிட்டது என்று சந்தேகமிருந்தால் மட்டும் அலங்காரத்துக்குக்கூட வைக்காதீர்கள், யாராவது எடுத்துக் கை கழுவிவிடுவார்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஒரு வருடம் சாதாரணமாக இருக்கும். மணம் மெல்லக் குறையும். மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் பழைய எண்ணெய் வாடையும் வந்தால் மிஞ்சிய எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம், பழைய எண்ணெயில் செய்தாலும், சூரியகாந்தி போன்ற எண்ணெய் அதிகம் சேர்த்தாலும், இரும்புக் கம்பி வலைமேல் உலர்த்தினாலும் இது சீக்கிரம் வரும். கோல்டு ப்ராசஸ் சோப்பைக் காகிதத்திலும் பேஸ் சோப்பை பிளாஸ்டிக்கிலும் சுற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு கட்டியின் அடியிலும் தேதியும் கலவை எண்ணும் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒரு சுழியைப் பார்த்து இது எப்படி வந்தது என்று நீங்களே கேட்பீர்கள்.